லிசாவின் வாசிப்பு யார் கணக்கில்?

மென்பொருள் எழுதுகிற ஒருவரின் சிறுகதையைத் தமிழ் கற்பிக்கிறவள் எதற்காகக் கையில் எடுக்க வேண்டும் என்று தோழிகள் கேட்டார்கள். அது வாசிப்பைப் பற்றிய கதை. ஒரு பெண் தன் படிப்புக்காக ஓர் ஆணிடம் போய் நிற்பதில் தொடங்குகிற கதை. இது போதாதா? ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ‘வாசிக்கும் உரிமை’ 1997 பிப்ரவரியில், கணினி அறிஞர்களின் அமைப்பான ஏ.சி.எம். நடத்தும் இதழில் வெளிவந்தது. அச்சில் சில பக்கங்கள்தான். அரசும் நிறுவனங்களும் கைகோத்து மனிதரின் அந்தரங்கத்தை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை அவ்வளவு சிறிய இடத்துக்குள், அவ்வளவு முன்கூட்டியே சொன்ன கதைகள் குறைவு. அந்தப் பெருமையைத் தந்துவிட்டே என் வழக்கைத் தொடங்குகிறேன்.

கதை வருங்காலத்தில் நடக்கிறது. நிலவில் எழுந்த ஒரு புரட்சியின் முன்கதையாக, 2096இல் நிலவு நகரத்தில் வெளியான ஒரு தொகுப்பிலிருந்து எடுத்ததுபோன்ற பாவனையில் சொல்லப்படுகிறது. டான் ஹால்பர்ட் கல்லூரி மாணவன். லிசா லென்ஸின் கணினி பழுதாகிவிடுகிறது. யாராவது தம் கணினியைக் கொடுத்தால்தான் அவளால் பருவத்தேர்வுக்கான வேலையை முடிக்க முடியும். டானிடம் கேட்கிறாள். அந்த உலகத்தில் ஒருவரின் புத்தகத்தை இன்னொருவர் படித்தால் இருவருக்கும் கேடு. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு கண்காணிப்பு நிரல் உட்கார்ந்திருக்கிறது. யார், எப்போது, எங்கே படித்தார் என்று மைய உரிம அலுவலகத்துக்கு அது சொல்லிவிடும். நிரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க உதவுகிற கருவியை வைத்திருப்பதே குற்றம். டானின் வகுப்புத் தோழன் ஒருவன் அதற்காகத்தான் சிறைக்குப் போகிறான். தன் கணினியின் தலைமைக் கடவுச்சொல் அதை வாங்கியவருக்கே தெரியாது.

லிசா நடுத்தரக் குடும்பத்துப் பெண். படிப்புக்கே பணம் கட்டத் திணறுகிறவள் வாசிப்புக் கட்டணத்துக்கு எங்கே போவாள்? டானுக்கு அவள்மேல் காதல். கொடுத்தாலும் ஆபத்து, மறுக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் கணினியைக் கொடுத்து, தன் கடவுச்சொல்லையும் சொல்லிவிடுகிறான். இனி அவள் எதைப் படித்தாலும் டான் படித்ததாகவே பதிவாகும். அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. திருமணம் செய்துகொள்கிறார்கள், பழைய வரலாறுகளைத் தேடிப் படிக்கிறார்கள், நிலவுக்குக் குடிபெயர்கிறார்கள். 2062இல் அங்கே கிளர்ச்சி வெடிக்கும்போது அதன் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக வாசிக்கும் உரிமை வந்து நிற்கிறது.

ஸ்டால்மனை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1983இல் குனூ என்ற திட்டத்தை அறிவித்தவர் அவர். ஒரு நிரலை விருப்பம்போல் இயக்கலாம். அதன் மூலநிரலைப் படித்து மாற்றலாம். படியெடுத்துப் பிறருக்குத் தரலாம். மாற்றிய படியையும் தரலாம். இந்த நான்கும் இருந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள். இல்லையென்றால் நிரலைப் பயனர் ஆள்வதில்லை, நிரல்தான் பயனரை ஆள்கிறது, நிரலை எழுதிய நிறுவனம் அதன் வழியாக ஆள்கிறது, அந்த நிறுவனத்தின் கழுத்தைப் பிடித்து அரசும் ஆள்கிறது. இந்த வாதத்தில் எனக்குப் பெரிய மறுப்பில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லோடு அவர் படாத பாடு பட்டிருக்கிறார். அந்த மொழியில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. தமிழில் யாரோ ஒரு நல்ல மனம் ‘கட்டற்ற’ என்று பெயர்த்தது. விக்கிப்பீடியாவும் தமிழில் கட்டற்ற கலைக்களஞ்சியம் ஆயிற்று. எனக்குப் பிடித்த சொல். ஆனாலும் ஒரு பெண்ணாக அதை உச்சரிக்கும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கிக்கொள்ளும். கட்டிக்கொடுப்பது, கட்டிக்கொண்டவன், கட்டுப்பெட்டி, கட்டுசெட்டு என்று நம்மைச் சுற்றி எத்தனை கட்டுகள்! மென்பொருளுக்கு முன்னால் வந்தால் புகழ்ச்சியாகிற அடைமொழி, பெண்ணுக்கு முன்னால் வந்தால் வசையாகிவிடுகிறது. ‘கட்டற்ற பெண்’ என்று சொல்லிப் பாருங்கள்.

கதைக்கு வருகிறேன். டான் பின்னாளில் ஒன்றைத் தெரிந்துகொள்வான் என்று கதைசொல்லி சொல்கிறார்: ஒரு காலத்தில் நூலகங்கள் இருந்தன, யார் வேண்டுமானாலும் போய்ப் பணம் கொடுக்காமல் படிக்கலாம். இழந்துவிட்ட அந்தப் பொற்காலத்தை நோக்கித்தான் கதை ஏங்குகிறது. எந்த ‘யார் வேண்டுமானாலும்’? பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸ்சுந்தரி தேவி எழுத்துக் கற்றுக்கொண்ட விதத்தை நினைத்துக்கொள்கிறேன். கணவர் படித்துக்கொண்டிருந்த சைதன்ய பாகவதத்திலிருந்து ஓர் ஏட்டைத் திருடி அடுக்களையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய பனையோலையின் எழுத்துகளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தானாகவே படித்தார். படித்த பெண் விதவையாவாள் என்று ஊர் நம்பிய காலம் அது. அவருக்கு எதிராக எந்த மைய உரிம அலுவலகமும் இருக்கவில்லை. மாமியார், நாத்தனார், அக்கம்பக்கம் போதுமானதாக இருந்தது. நம் காலத்திலும் தமிழில் எழுதுகிற சல்மா பருவமெய்திய பிறகு பள்ளி நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் அடைக்கப்பட்டு, ஒளித்து ஒளித்து எழுதிப் புனைபெயரில் வெளியிட்டவர். அரசு வந்து வாசிப்பைத் தடைசெய்யும் நாள் ஒன்று வரும் என்பது, ஏற்கெனவே வாசிக்கும் உரிமை உள்ளவனின் கெட்ட கனவு. அந்தக் கனவுக்குள் லிசா எப்படி வந்தாள், அவள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை.

இந்தக் கதையை முதுகலை வகுப்பில் ஒருமுறை என் சொற்களிலேயே சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாததுதான், அறிவியல் புனைவு பற்றிய பாடத்தின் ஓரத்தில் இடம் கிடைத்தது. டான் கடவுச்சொல்லைச் சொல்லும் இடத்தில் ஆண் பிள்ளைகள் முகத்தில் ஒரு மலர்ச்சி. தியாகமல்லவா? பின்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்: “அவளோட கம்ப்யூட்டர் சரியானதுக்கப்புறம் அவ பாஸ்வேர்டை அவன் கேட்டானா மேடம்?” வகுப்பில் சிரிப்பு. பெண்கள் சிரித்தது வேறு மாதிரியான சிரிப்பு. பிறகு பேச ஆரம்பித்தார்கள். கைபேசியின் பூட்டைத் திறக்கும் கோலம் அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஒருத்திக்குக் கைபேசியே கிடைத்தது. இன்னொருத்திக்கு நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை முதல் வாரத்திலேயே அன்பாகக் கேட்டதே முகநூல் கடவுச்சொல்லைத்தான். ‘நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?’

அன்றைக்குத்தான் கதையின் நடுப்பகுதி எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. கடவுச்சொல்லைப் பகிர்வதை ஸ்டால்மன் விடுதலையின் முதல் செயலாக வைக்கிறார். ஆண் தருகிறான், பெண் பெறுகிறாள், அதிலிருந்து காதலும் புரட்சியும் பிறக்கின்றன. நமக்குத் தெரிந்த வாழ்க்கையில் கடவுச்சொல் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் பயணம் செய்கிறது. கேட்கப்படுகிறவள் பெண். தர மறுத்தால் அவள் கள்ளி.

இன்னொன்று. டானின் கடவுச்சொல்லுக்குள் நுழைந்து லிசா படித்தவை எல்லாம் டானின் பெயரில் பதிவாகின்றன. தந்திரம் என்ற அளவில் கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்த மைய அலுவலகத்தின் பதிவேட்டை நூறு ஆண்டு கழித்து ஒரு வரலாற்றாசிரியர் புரட்டினால் என்ன பார்ப்பார்? டான் ஹால்பர்ட் என்ற அபாரமான வாசகனை. லிசா லென்ஸ் அந்த நாட்களில் எதுவுமே படித்திருக்கமாட்டாள். கணவரின் பெயரில், தந்தையின் பெயரில் அச்சேறிய பெண்களின் எழுத்துகளைத் தோண்டியெடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவேடு புதிதல்ல. கதை அதைக் கவனிக்கவே இல்லை. டானின் அச்சம், தயக்கம், ஆசை எல்லாம் நமக்குச் சொல்லப்படுகின்றன. லிசாவின் மனத்துக்குள், அவனைத் தவிர வேறு யாரிடமும் கேட்க அவளுக்குத் துணிவில்லை என்ற அளவைத் தாண்டி நாம் நுழைவதில்லை. நிலவுக்குப் போகும் பாதை தொடங்கியதும் டானுக்காகத்தான். முதல் வாக்கியத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

கற்பனை நாட்டை விட்டு நிஜ நாடு ஒன்றுக்குப் போவோம். சவுதி அரேபியாவின் உள்துறை அமைச்சகம் நடத்தும் அரசுச் சேவைச் செயலிக்கு அப்ஷர் என்று பெயர். ‘ஆகட்டும், அப்படியே செய்து தருகிறோம்’ என்ற தொனியில் அரபியில் சொல்லும் சொல் அது. ஓட்டுநர் உரிமம், அபராதம், விசா என்று எல்லாவற்றுக்கும் உதவும் அந்தச் செயலியில், ஆண் பாதுகாவலர் தன் மனைவியோ மகளோ நாட்டைவிட்டுப் பயணம் செய்யலாமா கூடாதா என்று குறிக்கும் பகுதியும் இருந்தது. அவள் எல்லையைக் கடந்தால் அவருக்குக் குறுஞ்செய்தி போகும். 2019 பிப்ரவரியில் இது உலகளவில் கண்டனத்துக்கு உள்ளானது. ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடைகளிலிருந்து அதை நீக்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் சவுதியிலிருந்து ஜார்ஜியாவுக்குத் தப்பிய இரண்டு சகோதரிகள் தாங்கள் வந்த விதத்தைச் சொன்னார்கள். அப்பாவின் கைபேசியை எடுத்து, அப்ஷரில் நுழைந்து, தங்களுக்குத் தாங்களே பயண அனுமதி கொடுத்துக்கொண்டார்கள். 21 வயதைக் கடந்த பெண்கள் பாதுகாவலரின் அனுமதியின்றிக் கடவுச்சீட்டு பெறலாம், பயணம் செய்யலாம் என்ற சட்டத் திருத்தம் அந்த ஆகஸ்டில்தான் வந்தது.

இந்தச் சகோதரிகளை லிசாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். அவர்களும் ஓர் ஆணின் கணக்குக்குள் நுழைந்தார்கள். யாரும் காதலோடு கையில் தரவில்லை, எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கொடுத்த அனுமதியும் அரசின் பதிவில் அப்பா கொடுத்ததாகவே இருந்திருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. அப்ஷரின் மூலநிரல் முழுவதையும் நாளைக்கே கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? நான்கு சுதந்திரங்களும் பயனருக்கு உரியவை. அந்தச் செயலியின் பயனர் அப்பா. நிரலை விருப்பம்போல் இயக்கலாம் என்ற முதல் சுதந்திரம் அவருக்குக் கிடைக்கும். மகள் அந்த நிரலைப் பயன்படுத்துகிறவள் அல்ல. அவள்மீது அது பயன்படுத்தப்படுகிறது. கட்டற்ற மென்பொருள் தத்துவத்தின் இலக்கணத்தில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. செயப்படுபொருளாக நிற்கிறவளுக்கு இடமில்லை. இதை நான் குற்றப்பத்திரிகையாகச் சொல்லவில்லை. தகவலைச் சேகரிக்காதபடியே அமைப்புகளை வடிவமைக்க வேண்டும், சேகரித்த பிறகு விதி போடுவது பயன்தராது என்று ஸ்டால்மனே பிற்காலக் கட்டுரைகளில் வலியுறுத்தியிருக்கிறார். அங்கே அவர் பேசும் ஆபத்து அரசு, நிறுவனம், மிஞ்சிப்போனால் கணினித் திருடர். வீடு என்ற ஒன்று அந்தப் பட்டியலில் கனமாக இல்லை.

நம் ஊரிலும் இது நடந்தது. 2020 ஏப்ரலில் ஆரோக்கிய சேது வந்தது. மே 1ஆம் தேதி உள்துறை அமைச்சகத்தின் ஆணை, வேலைக்குப் போகிற எல்லோருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. பிறகு கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்கள். மே 26இல் ஆண்ட்ராய்டு செயலியின் மூலநிரலை வெளியிட்டார்கள். போராடியவர்களுக்கு அது வெற்றிதான். ஆனால் மூலநிரலைப் படிக்கத் தெரிந்தவர் தவறு கண்டுபிடிக்கலாமே தவிர, வேலை போய்விடும் என்ற அச்சத்தில் அதை நிறுவிக்கொண்ட வீட்டுவேலை செய்யும் பெண் அதை நீக்க முடியாது. நிரலைத் திறப்பது ஒன்று, வேண்டாம் என்று சொல்ல முடிவது வேறொன்று. இரண்டாவதற்கு உரிமம் எழுத முடியாது, சட்டமும் சங்கமும் வேண்டும்.

நான் முன்பு வேலை செய்த ஒரு கல்லூரியில் பெண்கள் விடுதிக்கு மட்டும் விரல்ரேகைக் கருவி வைத்தார்கள். மாலை ஆறரைக்குள் விரல் வைக்காவிட்டால் அப்பாவின் கைபேசிக்குச் செய்தி போகும். அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்த சில மாணவிகளை அழைத்து, ‘அப்பா நம்பர் கொண்டா’ என்று திருத்தச் சொன்னார்கள். ஆண்கள் விடுதியில் பழைய பதிவேட்டு நோட்டுதான், அதிலும் பாதிப் பக்கம் காலி. ரியாத் அவ்வளவு தொலைவில் இல்லை என்று அன்று தோன்றியது. அந்தக் கருவிக்குள் ஓடிய மென்பொருள் கட்டற்றதா கட்டுள்ளதா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன செய்ய?

திறந்துவைப்பதே நன்மை என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ஸ்டால்மன் 2001இல் நேரில் வந்து தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில். பள்ளிக்கூடக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிக்காட்டிய மாநிலம் கேரளம். நாம் பொறாமைப்பட வேண்டிய சாதனை. அதே கேரளத்தில் பதிவுத்துறை, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி வரும் விண்ணப்பங்களை இணையத்தில் ஏற்றிவந்தது. சட்டம் முப்பது நாள் அறிவிப்பு கேட்கிறது. யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். இணையத்தில் ஏற்றியதால் வெளிப்படைத்தன்மை கூடியது என்று யாராவது எங்காவது குறிப்பெழுதியிருக்கக்கூடும். மதம் மாறிக் காதலித்தவர்களின் படமும் முகவரியும் மதவெறிக் கும்பல்களின் கைக்குப் போய், ‘லவ் ஜிகாத்’ பட்டியலாகச் சமூக ஊடகங்களில் சுற்றியது. 2020 ஜூலையில் மாநில அரசு அந்த விண்ணப்பங்களை ஏற்றுவதை நிறுத்தியது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அறிவிப்பை வெளியிடுவது தம்பதியரின் விருப்பத்தைப் பொறுத்தது என்றது. அங்கே யாரும் எந்த நிரலையும் உடைக்கவில்லை, எதையும் திருடவில்லை. எல்லாம் திறந்தே இருந்தது. ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள நினைக்கும் பெண்ணுக்கு, அரசு அலுவலகம் தன் பெயரை நாலுபேர் கண்ணில் படாமல் மூடிவைப்பதுதான் சுதந்திரம்.

ஸ்டால்மன் என்ற மனிதரைப் பற்றியும் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. எப்ஸ்டீன் விவகாரத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணைப் பற்றி மின்னஞ்சலில் அவர் வாதிட்ட விதம் வெளியே வந்து, 2019 செப்டம்பரில் எம்.ஐ.டி.யிலிருந்தும் தான் நிறுவிய அறக்கட்டளையின் தலைமையிலிருந்தும் விலகினார். 2021 மார்ச்சில் அறக்கட்டளையின் குழுவுக்குத் திரும்பியபோது இயக்கம் இரண்டாகப் பிளந்து சண்டையிட்டது. ஆளைக் காரணம் காட்டிக் கதையைத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. அப்படித் தள்ளினால் நம் நூலக அலமாரிகளில் மிஞ்சுவது சொற்பம். ஆனால் ‘அவள் சம்மதித்தாள்’ என்பதைச் சூழலிலிருந்து பிரித்து, ஏதோ ஒரு தருக்கக் கணக்குபோலப் பேச முடிகிற மனம்தான், கணினிமுன் தனியாக உட்கார்ந்திருக்கும் பயனரைச் சுற்றி யாருமே இல்லாததுபோலவும் எழுதுகிறது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் கட்டற்ற மென்பொருள் பக்கம்தான் நிற்கிறேன். 2022இல் ஈரானில் பெண்கள் தெருவுக்கு வந்தபோது அரசு சிக்னல் செயலியை முடக்கியிருந்தது. அந்தத் தடையைச் சுற்றிப்போக, உலகின் பல மூலைகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் இடைவழிகளை அமைத்துக் கொடுத்தார்கள். நிரல் திறந்திருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது, நம்பவும் முடிந்தது.

அதைவிட என்னைக் கவர்வது டெயில்ஸ் என்ற இயங்குதளம். 2009இலிருந்து இருக்கிறது. பென் டிரைவில் குடியிருக்கும். யாருடைய கணினியிலும் செருகி அதிலிருந்தே இயக்கலாம். உருவியவுடன் அந்தக் கணினி எல்லாவற்றையும் மறந்துவிடும், யார் வந்தார், என்ன படித்தார் என்ற தடயம் அதில் தங்காது. வன்முறை நிகழும் வீடுகளிலிருந்து தப்பியவர்களைத் தங்கள் பயனர்களில் ஒரு பிரிவினராகவே அதை உருவாக்கியவர்கள் குறிப்பிடுகிறார்கள். இந்த மென்பொருளின் பின்னால் இருக்கும் அனுமானத்தைக் கவனியுங்கள். கணினி உன்னுடையதல்ல. வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். நீ எழுந்துபோன பிறகு அவர் வந்து உட்காருவார். ஸ்டால்மனின் கதையில் இல்லாத அறையை இவர்கள் கட்டியிருக்கிறார்கள். லிசாவிடம் இது இருந்திருந்தால், டானின் கணினியை அவன் பெயர் இல்லாமலும் தன் பெயர் இல்லாமலும் அவள் பயன்படுத்தியிருக்கலாம். பிறகு அவனைக் காதலித்திருக்கலாம், காதலிக்காமலும் இருந்திருக்கலாம்.

வகுப்பில் டெயில்ஸைப் பற்றியும் சொன்னேன். கட்டைவிரல் அளவுதானே, கடுகு டப்பாவில் போட்டுவைக்கலாம் என்றாள் ஒருத்தி. கேள்வி கேட்ட அந்தப் பின்வரிசைப் பெண் இம்முறையும் கையைத் தூக்கினாள். “போன்ல வேலை செய்யுமா மேடம்?” செய்யாது. கணினி வேண்டும். அந்த வகுப்பில் சொந்தமாகக் கணினி வைத்திருந்த பெண்கள் மூன்று பேர்.